கப்பலுக்கு ஆர்.டி.ஓ. யார்?

காலி கன்டெய்னர் எங்கள் ஷூ தொழிற்சாலை வாசலில் வந்து நின்றதும் நான் செய்கிற முதல் வேலை, புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு, வெளியிலிருந்து இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தச் சொல்வேன். கத்தரி வெயிலில் ராணிப்பேட்டையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அரை நிமிடம் நிற்பது என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருட்டில் கூரையிலோ பக்கச் சுவரிலோ ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். வெளிச்சம் நுழைகிற ஓட்டையில் உப்புத் தண்ணீரும் நுழையும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் திறக்கும்போது ஷூ முழுக்கப் பூஞ்சை பூத்திருக்கும்.

வெளியே வந்து, கதவில் ஆணி அடித்திருக்கும் உலோகத் தகட்டைப் படிப்பேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தகடு. பெட்டி எந்த ஆண்டு செய்தது, மொத்தம் எத்தனை கிலோ தாங்கும், இதன்மேல் எவ்வளவு பாரம் அடுக்கலாம், எல்லாம் அதில் பொறித்திருக்கும். பெரும்பாலும் அதிகபட்ச மொத்த எடை 30,480 கிலோ என்று இருக்கும். இந்தத் தகடு இல்லாத பெட்டியைச் சர்வதேசக் கடல் வணிகத்தில் ஏற்றக் கூடாது என்பது 1972இல் நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கை.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த வாலாஜாக்காரத் தம்பி ஒருநாள் எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். “சார், இதையெல்லாம் நடுக்கடலில் யார் பார்க்கப் போகிறார்கள்? லாரிக்கு ஆர்.டி.ஓ. இருக்கிறார். கப்பலுக்கு ஆர்.டி.ஓ. யார்?”

பதினாறு வருடமாக ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறேன். என்னிடம் இதைக் கேட்டவன் அவன்தான் முதல் ஆள். டீக்கடையில் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு பத்து மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குக் கப்பல் பதிவு பாதி புரிந்த மாதிரி. தமிழ்நாட்டு முதலாளியின் ஆம்னி பஸ், தமிழ்நாட்டு ஓட்டுநர், தமிழ்நாட்டுப் பயணிகள். நம்பர் பிளேட்டில் மட்டும் நாகாலாந்து. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்: வரி குறைவு, கெடுபிடி குறைவு. 2024இல் தமிழக அரசு அந்தப் பஸ்களுக்கு எதிராக நடவடிக்கையில் இறங்கியபோது எத்தனை பேர் தவித்தார்கள் என்பதும் நினைவிருக்கும். கப்பல் உலகில் இந்த நாகாலாந்து ஏற்பாடு தப்பு வழி அல்ல, சட்டப்படியான ராஜபாட்டை. ஒவ்வொரு கப்பலும் ஏதாவது ஒரு நாட்டில் பதிவாகி அந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட வேண்டும். முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பது பல நாடுகளுக்குப் பொருட்டே இல்லை. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று மட்டும் உலகக் கப்பல் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. லைபீரியாவின் கப்பல் பதிவேட்டை நடத்துகிற நிறுவனம் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில். கடற்கரையே இல்லாத மங்கோலியாவிலும் கப்பலைப் பதிவு செய்யலாம். பாலாற்றில் தண்ணீர் வந்தால் குடும்பத்தோடு போய்ப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற நாம் மட்டும் என்ன குறைச்சல் என்று அன்று தம்பி கேட்டான்.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் உலக வணிகத்தையே நிறுத்திய ‘எவர் கிவன்’ கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர் நீளம். சொந்தக்காரர் ஜப்பானிய நிறுவனம். வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவான் நிறுவனம். பராமரிப்பும் மாலுமிகளை அமர்த்துவதும் ஜெர்மானிய நிறுவனத்தின் பொறுப்பு. தகுதிச் சான்று கொடுத்தது அமெரிக்கச் சங்கம். கொடி பனாமா. கப்பலில் இருந்த 25 பேரும் இந்தியர்கள். மாட்டிக்கொண்ட இடம் எகிப்து. இதில் யாரைப் பிடித்துக் கேட்பது? இந்தக் குழப்பத்துக்குப் பழக்கப்பட்டு, அதற்குள்ளேயே பாதுகாப்பை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்ததன் விளைவுதான் இன்றைய கடல் சட்டங்கள்.

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு லிங்கம் திரும்பிவிட்டதால் மூன்றாவது இப்போது செல்லாது. அந்தப் பட்டியலில் சிலர் சேர்க்கும் இன்னொன்று, அதிகாரமில்லாத போலீஸ். இங்கே காவலர் பயிற்சிப் பள்ளி இருப்பதால் வந்த கேலி அது. லண்டனில் தலைமையகம் வைத்திருக்கும் ஐ.எம்.ஓ. என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இயங்குவது அது. 1948இல் உடன்படிக்கை எழுதி, 1958இல் நடைமுறைக்கு வந்தது. 1974 முதல் 1989 வரை அதன் தலைமைச் செயலாளராக இருந்தவர் நம் நாட்டின் சி.பி. ஸ்ரீவஸ்தவா. அந்த அமைப்பிடம் ரோந்துக் கப்பல் கிடையாது, நீதிமன்றம் கிடையாது, ஒருவருக்கு நூறு ரூபாய் அபராதம் போடும் உரிமைகூடக் கிடையாது. விதியை எழுதும், உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்கி அமல்படுத்த வேண்டும்.

அந்த விதிகளில் தலையாயது ‘சோலாஸ்’ எனப்படும் கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை. டைட்டானிக் மூழ்கியதால் பிறந்தது. உயிர்காப்புப் படகு போதாமல் 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கப்பல் அன்றைய சட்டத்தை மீறவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் விதி, ஆட்களை எண்ணாமல் கப்பலின் டன் கணக்கை வைத்துப் படகுகளை எண்ணியது. அதிலும் உச்ச வரம்பு 10,000 டன். அதற்கு மேல் எவ்வளவு பெரிய கப்பலானாலும் 16 படகு போதும். டைட்டானிக் 46,000 டன் கப்பல். அதில் 20 படகுகள் இருந்தன, அதாவது சட்டம் கேட்டதைவிட நான்கு அதிகம். இடம் 1,178 பேருக்கு. கப்பலில் இருந்தவர்களோ சுமார் 2,200 பேர். 1914இல் முதல் சோலாஸ் கையெழுத்தானது, உலகப் போர் வந்து அது நடைமுறைக்கு வரவில்லை. பலமுறை திருத்தி எழுதி, இப்போது நடப்பில் இருப்பது 1974இல் எழுதி 1980இல் அமலுக்கு வந்தது.

1974 பதிப்பில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். அதற்கு முன்பு ஒரு திருத்தம் செல்லுபடியாக மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஒப்புதல் அனுப்ப வேண்டும். அனுப்புவார்களா? கோப்பு அலமாரியிலேயே கிடக்கும். இப்போது தலைகீழாக்கிவிட்டார்கள்: குறித்த நாளுக்குள் போதுமான நாடுகள் மறுப்பு அனுப்பவில்லை என்றால் திருத்தம் தானாகவே அமலுக்கு வரும். அரசாங்கங்களின் சோம்பலையே எரிபொருளாக்கிய இந்த ஏற்பாடு, சட்ட உலகில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

சரி, விதி வந்துவிட்டது. கப்பல் அதன்படி இருக்கிறதா என்று யார் பார்ப்பது? முதல் பொறுப்பு கொடி நாட்டுக்கு. ஆனால் அந்த நாட்டிடம் உலகத் துறைமுகங்களிலெல்லாம் ஆள் இருக்காது. ஆகவே ‘கிளாஸ்’ என்று மாலுமிகள் சொல்லும் வகைப்படுத்தும் சங்கங்களிடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறது. லண்டனின் லாயிட்ஸ் ரிஜிஸ்டர், அமெரிக்காவின் ஏ.பி.எஸ்., 1975இல் தொடங்கிய நம் இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் எல்லாம் இந்த ரகம். கப்பலின் தகட்டுத் தடிமனை அளப்பார்கள், இயந்திரத்தைப் பார்ப்பார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை செய்து சான்றைப் புதுப்பிப்பார்கள். லாரிக்கு எப்.சி. எடுப்பது போலத்தான். ஒரு வித்தியாசம்: இங்கே எப்.சி. கொடுப்பவருக்குக் கட்டணம் கொடுப்பதும், பிடிக்காவிட்டால் வேறு சங்கத்துக்குப் போவதும் கப்பல் முதலாளியே. இந்த அமைப்பின் ஆகப் பலவீனமான கண்ணி இது என்பது என் எண்ணம். 1999இல் பிரான்ஸ் கடலோரத்தில் ‘எரிகா’ எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது, சான்று கொடுத்த இத்தாலியச் சங்கத்தையும் பிரெஞ்சு நீதிமன்றம் குற்றவாளி என்றது.

அடுத்த வலை துறைமுகம். கப்பல் எந்தக் கொடியோடு வந்தாலும், நம் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் நம் அதிகாரி ஏறிச் சோதிக்கலாம். இந்தியாவில் இது கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கீழ் வரும் அதிகாரிகளின் வேலை. உயிர்காப்புப் படகின் கொக்கி கழல்கிறதா, தீயணைப்புப் பம்பு ஓடுகிறதா, மாலுமிகளுக்குச் சம்பளம் போயிருக்கிறதா, குடிதண்ணீர் நன்றாக இருக்கிறதா வரை பார்ப்பார்கள். மோசமாக இருந்தால் கப்பலைத் தடுத்து நிறுத்திவைக்கலாம். பெரிய கப்பலை ஒருநாள் சும்மா நிறுத்தினால் முதலாளிக்கு ஆகும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், எந்த அபராதமும் அதற்கு உறைபோடக் காணாது. ஒரு துறைமுகத்தில் தப்பித்துப் பக்கத்து நாட்டுக்கு ஓடாமல் இருக்க, நாடுகள் கூட்டுச் சேர்ந்து தகவலைப் பகிர்கின்றன. 1982இல் ஐரோப்பிய நாடுகள் பாரிஸில் தொடங்கிய கூட்டு, கொடி நாடுகளையே வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறது. இந்தியப் பெருங்கடல் நாடுகளின் கூட்டுக்குச் செயலகம் கோவாவில்.

மூன்றாவது வலை காப்பீடு. கப்பல் முதலாளிகளே கூடி நடத்தும் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரிய 12 சங்கங்கள் சேர்ந்து உலகக் கடல் கப்பல் கொள்ளளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் காக்கின்றன. காப்பீடு இல்லாத கப்பலைப் பெரும்பாலான துறைமுகங்கள் உள்ளேயே விடாது.

இனி தம்பியின் எடைச் சீட்டுக்கு வருகிறேன். எனக்குச் சோறு போடுவதும் அதுதான்.

எங்கள் நாற்பதடிப் பெட்டி நிறைய ஷூ அடைத்தாலும் சரக்கு எட்டு, ஒன்பது டன்னைத் தாண்டாது. ஷூ இடத்தை அடைக்கும், கனக்காது. அதே துறைமுகத்துக்கு கிரானைட் ஏற்றி வரும் இருபதடிப் பெட்டி 25 டன்னுக்கு மேல் இருக்கும். கப்பலில் எந்தப் பெட்டி அடியில், எது உச்சியில் என்று முடிவு செய்பவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. கணினித் திரையில் தெரியும் எடையை நம்பி அடுக்குகிறார். கிரானைட்காரர் எடையைக் குறைத்து எழுதினால் அந்தப் பெட்டி என் ஷூவின் தலைமேல் போய் உட்காரும். கப்பல் ஆடும்போது அடுக்கு சரியும், கட்டிய இரும்புக் கம்பிகள் தெறிக்கும், மொத்தக் கப்பலின் நிதானமே கெடும்.

2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடல் பிளந்த ‘எம்.எஸ்.சி. நாப்போலி’யை விசாரித்தபோது, மேல்தளத்தில் நனையாமல் மிஞ்சிய சுமார் 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தார்கள். 137 பெட்டிகளில் எழுதிய எடைக்கும் உண்மை எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். ஒரு பெட்டியில் 20 டன். கப்பல் பிளந்ததற்கு எடை மட்டும் காரணமல்ல, வடிவமைப்பில் பலவீனமும் வேகமும் சேர்ந்துகொண்டன. கப்பலில் இருந்த 26 பேரும் பிழைத்தார்கள். கரை ஒதுங்கிய பெட்டிகளிலிருந்து ஊர்மக்கள் புத்தம்புது பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போன படங்கள் அப்போது உலகம் முழுக்க ஓடின.

ஆக, சோலாஸில் ஒரு திருத்தம் வந்தது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைச் சரக்கு அனுப்புபவர் எழுதிக் கையொப்பமிடாமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக் கூடாது. எங்கள் பேச்சில் அது ‘வி.ஜி.எம்.’. இரண்டு வழி உண்டு. நிரப்பிய பெட்டியை அப்படியே எடைமேடையில் ஏற்றி நிறுப்பது ஒன்று. உள்ளே போகும் அட்டைப்பெட்டி, பலகை, கட்டுக் கயிறு எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்துக் கூட்டி, கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டியின் எடையைச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவது வழியில் ஒருமுறை நானே கோட்டை விட்டேன். அட்டைப்பெட்டிகளைக் கூட்டினேன், மரப் பலகைகளை மறந்தேன். துறைமுகத்தில் நிறுத்தபோது 700 கிலோ இடித்தது. காகிதம் திருத்தி வருவதற்குள் பெட்டி ஏற்றும் நேரம் முடிந்து, கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்து. அன்றிலிருந்து எடைமேடையைத் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து.

எடை ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். குடியாத்தத்துத் தீப்பெட்டியை நாம் பெட்டிக்கடையில் கிள்ளுக்கீரையாக வாங்குகிறோம். கடலில் அது அபாயகரமான சரக்கு: இத்தகைய சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் எண் 1944, வகுப்பு 4.1, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். பெட்டியின் நான்கு பக்கமும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சாய்சதுர அட்டை ஒட்ட வேண்டும். தனிப் படிவம் வேண்டும். கப்பலில் வெப்பம் படாத இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் ஷூ ஒட்டும் பசையும் இந்தப் பட்டியலில் உண்டு, எண் 1133, வகுப்பு 3. இப்படி அறிவித்தால் கட்டணம் கூடும், சில நிறுவனங்கள் ஏற்றவே மறுக்கும். அதனால்தான் சிலர் பெயரை மாற்றி எழுதுகிறார்கள். நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கால்சியம் ஹைபோகுளோரைட் சாதாரணப் பொடியாகப் பெயர் மாறிக் கப்பலேறும். தானே சூடேறிச் சிதைந்து தீ மூட்டக்கூடியது அது. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. இருபது இருபத்தைந்து மாலுமிகளே அணைக்க வேண்டும்.

ஒழுங்காக அறிவித்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ கட்டி முடித்துச் சில மாதமே ஆன புதுக் கப்பல். அதிலிருந்த ஒரு பெட்டியில் நைட்ரிக் அமிலம் கசிகிறது என்பது மாலுமிகளுக்கு முன்பே தெரியும். கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் நம் குஜராத்தின் ஹஜிராவிலும் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டார்கள். இரண்டிலும் இறக்க வழியில்லை என்று பதில் வந்தது. கப்பல் கொழும்பு வரை கசிந்துகொண்டே போய், தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. டன் கணக்கில் பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கரையில் ஒதுங்கின. ஆபத்தில் இருக்கும் கப்பலுக்குக் கட்டாயம் இடம் கொடு என்று எந்தத் துறைமுகத்தையும் வற்புறுத்தும் சர்வதேசச் சட்டம் இன்றுவரை இல்லை.

பிறகு நஷ்டத்தை யார் கொடுப்பது? தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. பாலாற்றில் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடலில் அதே எண்ணம் 1967இல் இங்கிலாந்து அருகே ‘டாரி கேன்யன்’ எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபின் உருவானது. 1969 உடன்படிக்கையின்படி, எண்ணெய் கொட்டினால் தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை, கப்பல் சொந்தக்காரர் கொடுக்க வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் ஒதுங்கிய எண்ணெயை இளைஞர்கள் வாளியால் அள்ளிய காட்சியைப் பார்த்தவர்களுக்கு, சட்டம் காகிதத்தில் இருப்பதற்கும் கருவி கரையில் இருப்பதற்கும் உள்ள தூரம் தெரியும்.

பணம் வாங்க நீதிமன்றத்திடம் ஒரு விநோதமான ஆயுதம் உண்டு: கப்பலையே கைது செய்வது. முதலாளி எந்த நாட்டில் ஒளிந்திருந்தாலும் கப்பல் இங்கே நிற்கிறதே! எவர் கிவனை எகிப்து இப்படித்தான் ஜூலை வரை பிடித்துவைத்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் லைபீரியக் கொடியேந்திய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ 640 பெட்டிகளோடு மூழ்கியபோது, கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. மூழ்கிய கப்பலைக் கைது செய்ய முடியாது. அதன் சகோதரக் கப்பல் ஒன்று விழிஞ்ஞத்தில் நின்றிருந்தது. அதைக் கைது செய்ய உத்தரவு வந்தது.

தம்பிக்கு இதெல்லாம் கேட்டுத் தலை சுற்றியிருக்க வேண்டும். “நம் பெட்டி போகும் கப்பல் நல்ல கப்பலா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?” என்றான். அதற்கு வழி இருக்கிறது. கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். ஆனால் கட்டும்போது கொடுக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் உடைக்கும் நாள்வரை மாறாது. அதைக் கப்பலின் உடலிலேயே நிரந்தரமாகப் பொறிக்க வேண்டும். ‘ஈக்வாசிஸ்’ என்ற இலவசத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வயது, கொடி, கிளாஸ், எந்தத் துறைமுகத்தில் எப்போது தடுத்து வைத்தார்கள் என்பது வரை வரும்.

எண் சரியானதா என்பதையும் விரல்விட்டே பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கத்தோடு பொருந்த வேண்டும். எவர் கிவனின் எண் 9811000. ஒன்பதேழு 63, எட்டாறு 48, அப்புறம் 5, அப்புறம் 4, மிச்சம் பூஜ்யம். கூட்டினால் 120. கடைசி இலக்கம் பூஜ்யம், எண்ணின் கடைசியும் பூஜ்யம்.

தம்பி எடைச் சீட்டின் பின்பக்கத்திலேயே அன்றைய புக்கிங்கில் இருந்த கப்பலின் எண்ணை எழுதிப் பெருக்கத் தொடங்கினான். முதல் தடவை பொருந்தவில்லை. ஆறெட்டு 46 என்று போட்டிருந்தான். திருத்திக் கூட்டியதும் பொருந்தியது. அதற்குள் சீட்டின் முன்பக்கத்தில் டீ சிந்திவிட்டதால், எடைமேடைக்காரரிடம் போய் இன்னொரு நகல் வாங்கி வர வேண்டியதாயிற்று.